பச்சை வட்டங்களும் காலிக் கட்டங்களும்

என் மனைவி மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குப் போனபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது, மகனுக்கு ஒன்பது. நாங்கள் கரமனையில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு ஆரியசாலையில் ஒரு ஸ்டேஷனரி மொத்தக் கடையில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் திரும்பி வர எட்டு மணியாகும். பிள்ளைகள் நாலு மணி பத்துக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்குவார்கள். நாலிலிருந்து எட்டு வரை வீட்டில் பெரியவர்கள் யாரும் கிடையாது. கீழே வீட்டுக்கார மலையாளி அம்மா, எங்களுக்குச் சேச்சி, இருக்கிறார். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருவார். அப்படிக் குரல் கொடுக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் திட்டம்.

அந்த நாலு மணி நேரத்தில் பிள்ளைகள் செய்ய வேண்டியவை ஏழு வேலைகள். டிபன் பாக்ஸ் கழுவுவது, கொடியில் கிடக்கும் துணியை மழைக்கு முன்னால் எடுத்து மடிப்பது, மோட்டாரைப் போட்டு அரை மணி நேரத்தில் நிறுத்துவது, வீடு பெருக்குவது, குடிக்கிற தண்ணீர் காய்ச்சி ஆற வைப்பது, மறுநாள் யூனிஃபார்மை எடுத்து வைப்பது, தம்பியின் டைரியில் அக்கா கையெழுத்துப் போடுவது. கடைசி வேலையை என் மகளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

யார் எதைச் செய்தார்கள், எது விட்டுப்போனது என்று தெரிய ஏதாவது ஏற்பாடு வேண்டும். நான் பேப்பர்க் கடைக்காரன். ஒரு சார்ட் பேப்பரை விரித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தைச் செலவழித்து, மூன்று கலரில் கோடு கிழித்து, கிழமைகளை எழுதி, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனேன். எனக்கே அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்குப் போனால் பழைய போனைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் மனைவி.

"இஞ்ச பாருங்க, ஒரு ஆப் போட்டிருக்கேன். கூட வேலை பாக்கிற பொண்ணு சொன்னா. அவ பிள்ளைங்களுக்கும் இதுதான்."

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். முடித்ததும் தொட்டால் பச்சையாகும். சின்னதாக ஒரு வாணவேடிக்கை, ஒரு மணிச் சத்தம். மகன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சார்ட்டைக் காட்டினேன். "சுவத்துல ஒட்டினா போதும்லா? பிள்ளைங்க எந்நேரமும் போனும் கையுமா இருக்கணுமா?"

"அழகாத்தான் இருக்கு. ஆனா அது உங்க சுவத்துல இருந்தா நான் இங்ஙன இருந்து எப்படிப் பாப்பேன்?"

சார்ட்டைத் திரும்பச் சுருட்டினேன். நாலு மாதமாக அவள் பிள்ளைகளை ஒரு உள்ளங்கை அளவுத் திரையில்தான் பார்க்கிறாள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கிடைத்த ஒரு ஜன்னல் அது. சார்ட் அலமாரிக்கு மேலே போயிற்று.

முதல் மாதம் ஆப் நன்றாகத்தான் ஓடியது. அவளுக்கு மதியம் மூன்றரைக்கு டீ இடைவேளை. நமக்கு அப்போது ஐந்து மணி. போனைத் திறந்து பார்ப்பாள். ஏழும் பச்சையாக இருந்தால் உடனே குரல் செய்தி வரும்: "என் தங்கங்களா!" பச்சை குறைந்திருந்தால் ஒன்றும் வராது. திட்டமாட்டாள். அன்றைக்கு ராத்திரி பேசும்போது மட்டும் குரல் கொஞ்சம் களைத்திருக்கும். "நான் பக்கத்துல இருந்தா இப்படி ஆகுமா" என்று ஒரு வாக்கியம் எங்காவது வந்துவிடும்.

சில நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். நான் எட்டு மணிக்கு வரும்போது கொடியில் துணி ஈரமாகத் தொங்கும். கேட்டால், "எடுத்து மடக்கினேன்பா, இது வேற" என்பாள் மகள். நான் கடையிலிருந்து வந்த அலுப்பில் மேலே கேட்பதில்லை.

ஒருநாள் கடை முதலாளியின் உறவில் ஒரு சாவு. மதியமே ஷட்டரை இறக்கிவிட்டோம். மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து உள் அறையில் படுத்தேன். நாலே காலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பை தரையில் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்த மணிச் சத்தம், ஒன்று. உடனே இன்னொன்று. எழுந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். என் மகள் ஷூவைக்கூடக் கழற்றாமல், அவசரமாக, ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வாணவேடிக்கை. போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்றினாள்.

நான் வெளியே வந்ததும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"அப்பா, செய்வேன்பா. எல்லாம் செய்வேன். பின்னே செய்வேன்."

"அப்புறம் எதுக்கு மக்களே முன்னாடியே தொடுற?"

"அம்மா அஞ்சு மணிக்குப் பாக்கும்லா."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. பச்சை குறைந்த ராத்திரிகளில் வரும் அந்தக் களைத்த குரல் ஞாபகம் வந்தது.

அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏழும் பச்சையாக இருக்கிற நாட்களில் வீட்டில் எல்லோருக்கும் ராத்திரி நன்றாகக் கழிந்தது, எனக்கும் சேர்த்து. தொட்ட வேலைகளில் பாதியை மகள் பின்னால் செய்தும் விடுவாள். மீதிப் பாதியை நான் வந்து செய்தேன். மூன்று பேரும் சேர்ந்து அவளுக்கு ஒரு நல்ல வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் நல்ல வெயில். வீட்டுக்காரச் சேச்சி எண்ணெய்க்கு ஆட்டுவதற்காக மொட்டைமாடியில் தேங்காயை உடைத்துப் பரப்பி, நாலு நாள் காய வைத்திருந்தார். அன்று மோட்டார் என் மகனின் முறை. போட்டவன் அப்போதே 'நிறுத்தியாச்சு' என்ற வட்டத்தையும் தொட்டுவிட்டான். அக்கா அப்படித்தானே செய்கிறாள். தொட்ட பிறகு அது அவன் தலையிலிருந்தே போய்விட்டது. தொட்டி நிரம்பி வழிந்து, தேங்காயெல்லாம் தண்ணீரில் மிதந்தது.

சேச்சி என் பிள்ளைகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோட்டாரைத் தானே நிறுத்திவிட்டு, நேரே மஸ்கட்டுக்குப் போன் போட்டார். "மோளே, வெள்ளம் போயித் தொடங்கீட்டு ஒரு மணிக்கூராயி. குஞ்ஞுங்கள் உறக்கமாணோ?" என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார்; தண்ணீர் வழியத் தொடங்கி ஒரு மணி நேரமாயிற்று, பிள்ளைகள் தூங்குகிறார்களா என்று. மனைவி ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள். மோட்டார் நிறுத்தியது: நாலு பதினெட்டு. பச்சை.

அன்று எட்டரைக்கு நாங்கள் மூன்று பேரும் போன் முன்னால் உட்கார்ந்தோம். மகன் அழுது முடித்திருந்தான்.

"நான் ஒண்ணுதான் கேக்கேன்," என்றாள் மனைவி. "இது இன்னைக்கு மட்டுமா, எப்பவுமா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் வாயைத் திறந்தேன். "எனக்கும் தெரியும். ரெண்டு மாசமாத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "அப்ப இத்தனை நாளும் நான் பாத்தது என்ன?"

பிறகு அவளே சொன்னாள். "இதுல போட்டோ எடுத்து அனுப்புற வசதி இருக்கு. கழுவின பாத்திரம், மடிச்ச துணி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு போட்டோ. அது மாதிரி வச்சிக்கிடுவோம்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்தாள். "போட்டோ எல்லாம் எடுக்க மாட்டேன். நான் என்ன கள்ளியா?"

"கள்ளத்தனம் பண்ணினது ஆரு?"

"நான்தான். ஆனா நீ அஞ்சு மணிக்குப் பாக்கும்போ பச்சை இல்லன்னா உன் முகம் ஒரு மாதிரி ஆயிடும். அங்க நீ ஒத்தைக்கு இருக்க. எனக்கு அது பிடிக்கல. அதான் தொட்டேன்."

திரையில் அவள் முகம் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தது. நெட்வொர்க் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு வீடியோவை அணைத்துவிட்டாள்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்தாள். கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது. "ஆப் வேண்டாம். எடுத்துருங்க. பேப்பர்ல எழுதுங்க. நான் பாக்கல. என்ன நடந்ததுன்னு நீங்க வாயால சொல்லுங்க, நான் கேக்கேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு அவள் எவ்வளவு கொடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். தன்னிடமிருந்த ஜன்னலைத் தானே அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் உற்சாகமாக அலமாரி மேலிருந்து என் மூன்று கலர் சார்ட்டை இறக்கினேன். மகள் அதை விரித்து, நின்று, முழுக்கப் படித்தாள்.

"இதுல அப்பா எங்க?"

"நான் எதுக்கு? இது உங்க வேலைக்கு உள்ள சார்ட்."

"அப்போ நீங்க ஒண்ணும் செய்யண்டாமா?"

ஒரு பழைய மாதக் காலண்டர் தாளை எடுத்து, பின்பக்கம் புதிதாகக் கோடு போட்டாள். என் கோடுகள் போல அவை நேராக இல்லை. நாலு பத்தி: அவள், தம்பி, அப்பா, அம்மா. அப்பாவுக்கு யூனிஃபார்ம் இஸ்திரி, மீன் கழுவுவது, கழிவறை கழுவுவது. அம்மாவுக்குத் தினமும் காலை ஆறு மணிக்குப் போன் அடித்துத் தம்பியை எழுப்புவது, கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது, புதன்கிழமை தம்பிக்கு டிக்டேஷன்.

ராத்திரி அதை வாசித்துக் காட்டினோம். மனைவி இரண்டு தடவை கேட்டாள், "எனக்கும் உண்டா?" என்று. "டிக்டேஷன் வெள்ளிக்கிழமை வைப்போமா? புதன் எனக்கு டியூட்டி லேட்டாகும்." மகள் உடனே அடித்துத் திருத்தினாள். இங்கே காலை ஆறு என்றால் மஸ்கட்டில் நாலரைதான். ஆனாலும் அதற்கு எழ அலாரம் வைக்கப் போவதாக, ஏதோ பரிசு கிடைத்த மாதிரி சொன்னாள்.

சட்டங்கள் மூன்றே மூன்று. பேனாவால் மட்டும் எழுத வேண்டும். செய்யாததைக் காலியாக விட வேண்டும். காலியாக இருப்பதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

பேப்பருக்கு ஒரு குறை உண்டு. அது யாரையும் கூப்பிட்டு ஞாபகப்படுத்தாது. முதல் வாரமே மோட்டாரை இரண்டு தடவை மறந்துவிட்டு ஓடினார்கள். அதனால் பழைய போனில் மோட்டாருக்கு மட்டும் ஒரு அலாரம் வைத்தோம். மற்றதெல்லாம் சுவரில். சேச்சிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளே உட்கார்ந்து தேங்காய் கீறிக் கொடுத்தார்கள். அவர் எண்ணெய் ஆட்டி வந்ததும் எங்களுக்கும் ஒரு பாட்டில் வந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டாள்: "சொல்லுங்க, ஆருக்குக் காலிக் கட்டம் கூடுதல்?"

"அப்பா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவள் சிரித்த சிரிப்பில் போன் கையிலிருந்து நழுவி மேற்கூரை தெரிந்தது. அந்த வாரம் நான் இஸ்திரி மூன்று நாள் போடவில்லை. உண்மைதான்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சே மாறிவிட்டது. முன்பு 'எல்லாம் ஆச்சா' என்ற கேள்வியோடு முடிந்துபோகும். இப்போது ஏன் பெருக்கவில்லை என்பதற்கு ஒரு கதை இருந்தது. வேன் பழுதாகி நடந்து வந்தது, தம்பி வழியில் ஒரு ஓணானைப் பார்த்து நின்றது, வீட்டில் பாம்பு என்று நினைத்துப் பயந்தது, அது கயிறாக இருந்தது. அவள் அங்கே சாப்பிட்டுக்கொண்டே எல்லாம் கேட்பாள்.

ஐப்பசியின் துலா மழை தொடங்கி ஒரு வாரம். ஞாயிறு காலையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. எலும்பெல்லாம் முறித்துப் போட்ட மாதிரி வலி. திங்கட்கிழமை பக்கத்து மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கலாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், நாளைக்கு மறுபடி வர வேண்டும். மழைக்குக் கலெக்டர் பள்ளிக்கு லீவு விட்டிருந்தார். பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள்.

மனைவி போனில் மகளை மட்டும் கூப்பிட்டாள். நான் போர்வைக்குள் கிடந்தபடி கேட்டேன். அது என் மனைவியின் வீட்டுக் குரல் இல்லை, வார்டில் பேசுகிற குரல்.

"ஒரு தாள் எடு. கோடு போடு. மணி, காய்ச்சல் எவ்வளவு, எத்தனை கிளாஸ் குடிச்சாரு, ஒண்ணுக்குப் போனாரா, மாத்திரை எப்ப. நாங்க இங்க எழுதுற மாதிரியே. வயிறு வலிக்குதுன்னாலோ, வாந்தி நிக்கலன்னாலோ, எங்கயாச்சும் ரத்தம் தெரிஞ்சாலோ எனக்குக்கூடச் சொல்லண்டாம், நேரே சேச்சியைக் கூப்பிடு. கேட்டியா?"

"கேட்டேன்மா."

என் மகள் எனக்கு முன்னால் தெர்மாமீட்டரை நீட்டிய விதத்தில் நான் மறுபேச்சுப் பேசாமல் வாயைத் திறந்தேன். மகனின் வேலை தண்ணீர். கரிக்கின்வெள்ளம் என்கிற இளநீர், கஞ்சித் தண்ணீர், எலுமிச்சை போட்ட தண்ணீர் என்று ஒவ்வொரு கிளாஸாகக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரை கட்டில் ஓரத்தில் நின்றான். "முழுசும் குடிக்கணும். பாதி குடிச்சா அரைன்னுதான் எழுதுவேன்" என்றான். ஒரு தடவை அரை என்றே எழுதினான். சேச்சி மதியம் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

அன்று சாயங்காலம் மனைவி மறுபடியும் கூப்பிட்டாள். "நான் எமர்ஜென்சி லீவு கேட்டுட்டேன். நாளைக்குக் கிளம்பலாம்னு சொல்லுறாங்க." இப்போது கிளம்பினால் வருடம் முடிந்து கிடைக்க வேண்டிய ஒரு மாத லீவு போய்விடும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"அம்மா, இரு," என்றாள் மகள். "ஷீட்டைக் காட்டுறேன். பாத்துட்டுச் சொல்லு."

சுவரிலிருந்து காலண்டர் தாளை எடுத்து போன் முன்னால் பிடித்தாள். பிறகு காய்ச்சல் தாளை. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"ரெண்டு நாளா பெருக்கவே இல்லையா?"

"இல்லம்மா. நேரம் கிட்டல."

"துணி?"

"மடக்கல. கட்டில்ல கூட்டிப் போட்டிருக்கேன். தம்பி யூனிஃபார்மும் எடுத்து வைக்கல. லீவுதானே."

மனைவி சிரித்தாள். அழுகை கலந்த சிரிப்பு. "நீ எல்லாம் செஞ்சேன்னு காட்டியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன், நாளைக்கே பிளேன் ஏறியிருப்பேன் மக்களே. வீட்டை விடு. அப்பாவைப் பாரு. நான் லீவை வேண்டாம்னு சொல்லுறேன்."

செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனோம். மகள் அந்தத் தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். டாக்டர் என்னிடம் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவள் தாளை மேஜையில் விரித்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "இது ஆரு எழுதி?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஞானும் அனியனும்." தம்பியை முன்னால் இழுத்துவிட்டாள்.

"ராத்திரி ரண்டு மணிக்கு எந்தே ஒண்ணும் இல்லாத்தது?" என்று ஒரு காலிக் கட்டத்தைத் தொட்டுக் கேட்டார்.

"உறங்கிப்போயி, டாக்டர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேஜையிலிருந்த இளைய டாக்டரைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். அன்றைய ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தட்டணுக்கள் கொஞ்சம் குறைந்திருந்தாலும் இப்படித் தண்ணீர் உள்ளே போகிறது என்றால் அட்மிட் பண்ண வேண்டியதில்லை, இதே மாதிரி எழுதிக்கொண்டு தினமும் வந்து ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். கிளம்பும்போது என் மகனைப் பார்த்து, "இந்த அரை கிளாஸ் கணக்கு உன்னுடையதா?" என்று கேட்டார். அவன் நெஞ்சை நிமிர்த்தி ஆமாம் என்றான்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோவுக்காக வராந்தாவில் நின்றோம். இரண்டு பிள்ளைகளும் என்னை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெரிய ஆளாக உணர்ந்தது கிடையாது.

சனிக்கிழமை காய்ச்சல் முழுவதும் விட்டது. ஞாயிறு நான் எழுந்து உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டேன். மனைவிக்கு அன்று விடுமுறை. காய்ச்சல் தாளின் போட்டோவைத் தன் வார்டில் காட்டியிருக்கிறாள். அவளோடு வேலை பார்க்கும் பெண்களெல்லாம் அறையில் கூடியிருந்தார்கள்.

"இந்தாங்க, இதுதான் என் மகள். அது என் மகன், தண்ணி டிபார்ட்மென்ட்," என்று ஒவ்வொருவரிடமாகப் போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு வயதான நர்ஸ் எட்டிப் பார்த்து, "மோளே, நீ படிச்சு முடிச்சிட்டு நேரே இங்க வா. நம்ம வார்டுல டியூட்டி போடலாம்" என்றார்.

"ஐயோ, வேண்டாம்," என்றாள் என் மகள். "எனக்கு ராத்திரி உறங்கணும்."

மஸ்கட்டில் ஒரு அறை முழுக்கச் சிரித்தது. கரமனையில் நாங்களும் சிரித்தோம். எங்கள் சத்தம் கேட்டுக் கீழே இருந்து சேச்சி, "எந்தா அவிடே ஒரு பஹளம்?" என்று குரல் கொடுத்தார். மகன் பால்கனிக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னான்: "அப்பாவுக்கு சுகமாயி, சேச்சீ! அம்மா லீவுக்கு வரும்போ ஒரு மாசம் இருக்கும்!"